டிஜிட்டல்–அனலாக் மாற்றி (மறுவடிவமைக்கத்தக்க சில்லுகளில்)

இரும எண்ணை அதற்கு நேர்விகிதமான மின்னழுத்தமாகவோ மின்னோட்டமாகவோ மாற்றும் சுற்று. டேக் என்றும் சுருங்க வழங்கும். கலப்புச் சமிக்ஞைச் சில்லுகளில் இதன் வகை, வீச்சு, வெளியீட்டு இணைப்பு ஆகியவற்றை மென்பொருளே தீர்மானிக்கிறது.

சைப்ரஸ் நிறுவனம் 2002-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பி-சாக் குடும்பம் இதற்குச் சிறந்த சான்று. அதன் முதல் தலைமுறையில் டேக் தனி உறுப்பாக இல்லை. பொதுப்பயன் கொண்ட நிலைமாற்று மின்தேக்கித் தொகுதிகளைக் கொண்டே அமைக்கப்பட்டது. உள்ளீட்டு எண்ணுக்கேற்ப இணையும் மின்தேக்கிகளின் விகிதம் மேற்கோள் மின்னழுத்தத்தைப் பெருக்கி வெளியீட்டைத் தரும்.

பி-சாக் 3, 5 வரிசைகளில் 8 பிட் டேக்குகள் தனியாக இடம்பெற்றன. இவற்றின் அடிப்படை மின்னோட்டமே. 31.875 மைக்ரோஆம்பியர், 255 மைக்ரோஆம்பியர், 2.04 மில்லிஆம்பியர் என மூன்று வீச்சுகள் உண்டு. மின்னோட்டத்தை வெளியே செலுத்தவும் உள்ளிழுக்கவும் இயலும். அம்மின்னோட்டத்தை உள்மின்தடை வழியே செலுத்தினால் மின்னழுத்த டேக் கிடைக்கும். 1.020 வோல்ட் வீச்சில் ஒரு படி 4 மில்லிவோல்ட். எனவே 150 என்ற எண் 600 மில்லிவோல்ட் தரும். 4.080 வோல்ட் வீச்சில் படி 16 மில்லிவோல்ட்.

வடிவமைப்பாளர் முதலில் கவனிக்க வேண்டியது வெளியீட்டு மின்தடை. சிறு வீச்சில் அது ஏறத்தாழ 4 கிலோஓம் என்பதால், அதே அளவு சுமையை நேரடியாக இணைத்தால் 600 மில்லிவோல்ட் 300 ஆகக் குறைந்துவிடும். ஆகவே சில்லிலுள்ள செயற்பாட்டுப் பெருக்கியை இடைத்தாங்கியாக இணைப்பது வழக்கம். அலைவடிவ ஆக்கம், ஒப்பீட்டியின் வாசல் மதிப்பு, உணரிகளுக்கான மின்னோட்ட ஊட்டல் ஆகியன முக்கியப் பயன்கள்.