பக்கவாதம் வந்ததும் சுகர் எகிறுவது ஏன்? ஸ்ட்ரெஸ் ஹார்மோன் செய்யும் வேலை இதுதான்!

"அப்பாவுக்கு சுகரே கிடையாதே, திடீர்னு எப்படி ஏறுச்சு?" பக்கவாத நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் பல குடும்பங்களுக்கு எழும் சந்தேகம் இது. இதற்கு ஒரு முக்கிய காரணம், கார்ட்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன்.

கார்ட்டிசால் ஏன் கூடுகிறது?

மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ, உடல் அதை பெரிய ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. மூளையிலுள்ள ஹைப்போதாலமஸும் பிட்யூட்டரியும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பியை முடுக்கிவிடுகின்றன. கார்ட்டிசாலும் அட்ரினலினும் கூடி, சர்க்கரையும் பிரஷரும் ஏறுகின்றன. சிலருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்து தெரியாமலே போயிருக்கும். 3 மாத சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

அழற்சி என்றால்?

செத்துப்போன செல்களை அப்புறப்படுத்த, எதிர்ப்பு செல்கள் மூளைக்குள் திரள்கின்றன. இதுதான் அழற்சி. சுத்தம் செய்ய வந்த இவை, பக்கத்தில் உள்ள நல்ல திசுக்களையும் சேர்த்து பாதிக்கின்றன, வீக்கமும் கூடுகிறது.

கார்ட்டிசால் அழற்சியை அடக்கும்தானே?

அடக்கும். ஆனால், நாள்கணக்கில் கூடியே இருந்தால் நோய் எதிர்ப்பு சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும். நிமோனியா, சிறுநீர்த் தொற்று எளிதாகத் தாக்கும். ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு ஸ்டீராய்டு மருந்துகளை வழக்கமாகக் கொடுக்காததற்கும், தொற்று அபாயம் ஒரு காரணம்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

* விழுங்க முடிகிறதா என்று பரிசோதிக்கும் வரை தண்ணீர், கஞ்சி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

* காய்ச்சல், இருமல், திடீர் குழப்பம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

* சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் 'பிடிவாதம்' என்று விட்டுவிடக் கூடாது. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு சிகிச்சை உண்டு.

* வீடு திரும்பிய பிறகு, 2021-ல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

நேரம்தான் முக்கியம்

வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல்... இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் கட்டாயம். விழுப்புரம் - திண்டிவனம் சாலையிலேயே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் இரண்டு ஊர்களுக்கும் சுமார் 40 கி.மீ. தூரம்தான்.

புறா ரத்தம் தேய்த்துப் பார்க்கலாம், விடியட்டும் போகலாம் என்று காத்திருந்தால், நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் மூளை செல்கள் அழியும். போனது திரும்பாது.