அல்சைமர் நோய்: புதிய மருந்துகளிடம் எதை எதிர்பார்க்கலாம்?

1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், மறதி நோயால் துன்புற்று இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் தென்பட்டன. திட்டுகள் அமிலாய்டு என்னும் புரதத்தாலும் இழைகள் டௌ என்னும் புரதத்தாலும் ஆனவை என்பது 1980களில் தெளிவாயிற்று.

அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அமிலாய்டு படியத் தொடங்குகிறது. எனவே, அதை அகற்றினால் நோய் நிற்கும் என ஆய்வாளர்கள் கருதினர். இரு வாரங்களுக்கு ஒருமுறை சிரைவழி செலுத்தப்படும் லெக்கானெமாப் மருந்து, தொடக்கநிலை நோயாளிகள் 1,795 பேர் பங்கேற்ற ஆய்வில் 18 மாதங்கள் சோதிக்கப்பட்டது. படிவு பெருமளவு குறைந்தது, நோய் நிற்கவில்லை. மருந்தற்ற ஊசி பெற்றவர்களுடன் ஒப்பிடுகையில், நினைவும் அன்றாடச் செயல்திறனும் குன்றும் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. இது பெரிதாகத் தோன்றலாம். எனினும் 18 புள்ளி அளவுகோலில் இவ்வேறுபாடு 0.45 புள்ளியே. வீட்டில் இருப்போர் இதனை உணர இயலுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இழந்த நினைவு மீள்வதில்லை.

மருந்து பெற்றவர்களுள் 12.6 விழுக்காட்டினருக்கு மூளையில் வீக்கம் காணப்பட்டது. பெரும்பாலோருக்கு அறிகுறி ஏதுமில்லை. ஆயினும் அரிதாக உயிருக்கு ஆபத்து நேரலாம். நுண் இரத்தக்கசிவும் ஏற்படுவதுண்டு. ஆகவே எம்ஆர்ஐ பரிசோதனைகள் இன்றியமையாதவை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

நோய் முற்றியவர்களுக்கு இம்மருந்து பரிந்துரைக்கப்படுவதில்லை. அவர்களுக்கு டோனெபெசில், மெமன்டின் போன்ற பழைய மாத்திரைகளே வழங்கப்படுகின்றன. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை. அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கக்கூடும். பயன் தெரியவில்லை எனக் கருதி, மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் திடீரென நிறுத்துதல் கூடாது.