மாக்கள் விலங்கல்லர்

மக்கள், மாக்கள் என்னும் இரண்டு சொற்களையும் ஒரு நெடிலால் பிரித்துக் காட்டுவது தமிழ் மேடைகளில் தேய்ந்துபோன உத்தி. பண்பு இருக்கும்வரை மக்கள். பண்பு போனால் மாக்கள். மா என்றால் விலங்கு, கள் என்பது பன்மை விகுதி, ஆகவே மாக்கள் என்றால் விலங்குகள் என்று விளக்கமும் உடன் வரும். கைதட்டல் கிடைத்துவிடுவதால் பேசியவரும் கேட்டவரும் அதற்குமேல் ஆராய்வதில்லை. இலக்கிய வழக்கோடு ஒத்துப் பார்த்தால் இந்த விளக்கம் ஓர் அடிகூட நகராது.

இதற்கு முட்டுக்கொடுக்கக் கொண்டுவரப்படுவது தொல்காப்பிய மரபியல். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கிச் செல்லும் அவ்விடத்தில், பேராசிரியர் என்னும் உரையாசிரியர் கொண்ட பாடப்படி, மாவும் மாக்களும் ஐந்தறிவின, மக்கள் ஆறறிவினர். இதைப் படித்தவுடன் எழ வேண்டிய கேள்வி எழவில்லை என்பதுதான் வியப்பு. மாக்கள் என்பது மா என்பதன் பன்மையானால், தொல்காப்பியர் விலங்கையும் விலங்குகளையும் இரண்டு பொருளாக எண்ணினார் என்றாகும். எண்ணும்மை கொடுத்து இரண்டையும் தனித்தனியே நிறுத்தியதால், அவருக்கு அவை வேறு வேறு. பேராசிரியரும் மனவுணர்வு குன்றிய மனிதரையே மாக்கள் என்று கொண்டார், நாற்கால் விலங்கைக் கொள்ளவில்லை. இளம்பூரணர் உரையோடு வழங்கும் பாடத்திலோ அந்தச் சொல்லே கிடையாது. அங்கே புள் நிற்கிறது. விலங்கும் பறவையும் ஐந்தறிவின என்பது அந்தப் பாடம். ஓர் உரையாசிரியர் ஏற்ற பாடத்தின் மேல், அவரே சொல்லாத பொருளை ஏற்றிக் கட்டிய மாடிதான் மேடைப்பேச்சின் மாக்கள்.

சொல்லின் பிறப்புக்கு வரலாம். மக என்பது அடி, பொருள் குழந்தை. மகவு, மகன், மகள், மகார் எல்லாம் அதன் கிளைகள். மலையாளத்தில் மக்கள் என்றால் இன்றும் பிள்ளைகள்தான். கன்னடத்தில் மக்களு என்றாலும் அதுவே. தெலுங்கில் மக என்பது ஆண்மகனைக் குறிக்கும். மனித இனம் முழுவதற்கும் இச்சொல்லை விரித்துக்கொண்டது தமிழ். விரித்த பிறகும் பழம்பொருளை விடவில்லை: திருக்குறளில் பெற்றோர் மேனியைத் தீண்டும் மக்கள் குழந்தைகள், கயவர்கள் உருவத்தால் யாரை அச்சாக ஒத்திருக்கிறார்களோ அந்த மக்கள் மனிதர்கள். ஒரே நூல், ஒரே சொல். ஆங்கிலம் கற்ற தலைமுறை இதைப் பல்பொருள் என்று எழுதிவிட்டு நகரும். பல்பொருள் அன்று; ஒரு பொருளின் நீட்சி.

மகர அகரம் நீள்வதற்கும் தமிழில் சாட்சி உண்டு. பெருமகன் பெருமான் ஆனான், சேரமகன் சேரமான், அதியமான், மலையமான் எல்லாம் அந்த வழியே வந்தவர்கள். தொடரின் பின்னுறுப்பாக நிற்கும்போது மகன் என்பது மான் என்று நீண்டு குறுகுகிறது. மாக்கள் என்ற வடிவமும் பெரும்பாலும் அடைமொழியின் பின்னேதான் வருகிறது. மாக்களை விலங்கென்பவர்கள் சேரமானைக் கொம்புள்ள மான் என்று சொல்லத் துணிவார்களா தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பூ என்பது பூக்கள் ஆவதுபோல, மா என்பதும் மாக்கள் ஆகலாம். புணர்ச்சி விதி தடுக்காது. மயக்கம் விளைவது இங்கேதான். கள் என்பதை அஃறிணைப் பெயரோடு சேர்வதாகத் தொல்காப்பியம் சொல்வதையும் சிலர் துணைக்கு அழைப்பார்கள். அந்த வாதம் மாக்களை மட்டும் தொழுவத்தில் கட்டாது; மக்களையும் சேர்த்தே கட்டும். மக்கள் என்பது அந்தக் காலத்திலேயே ஒரு சொல்லாக இறுகிவிட்டது என்பதே சரி.

இனி வழக்கு. நற்றிணை எண்பதாம் பாட்டு பூதன்தேவனாருடையது. அதில் விடியற்காலையில் எருமைகள் மேய்ச்சலுக்குப் போகின்றன. பாலுக்காகக் கன்றுகளை வீட்டில் விட்டுவிட்டு, ஊர்ச் சிறுவர்கள் அவற்றின் முதுகில் ஏறிப் போகிறார்கள். அந்தச் சிறுவர்களுக்குப் புலவர் தரும் பெயர் குறுமாக்கள். கீழே எருமை, மேலே மாக்கள். குறுமகள் என்று ஒரு சிறுமியைச் சொல்வதன் பன்மை போலவே இது ஒலிக்கிறது. இதில் இழிவு எங்கே இருக்கிறது?

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் கடந்து வந்து குடியேறிய பன்மொழியாளர்கள் மாக்கள் எனப்படுகிறார்கள். அவர்கள் வந்த நாடுகள் பழியற்றவை என்று அடுத்தே சொல்லி, ஊராரோடு கலந்து இனிதாக வாழ்கிறார்கள் என்றும் சொல்கிறது நூல். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையிலும் அதே கடற்கரை, அதே குடியேறிகள், அதே சொல். அயலவரை விலங்கென்று ஏசும் நோக்கம் இருந்திருந்தால் பழியின்மை பேச வேண்டிய தேவை இல்லை. மணிமேகலையின் பாத்திரம் பெற்ற காதையில் பசியைத் தாங்க இயலாதவர்கள் மாக்கள். அவர்களுக்குச் சோறிடுவோர் வாழ்க்கையே மெய்யான வாழ்க்கை என்று அந்த நூல் தன் அறம் முழுவதையும் அச்சொல்லின் தலையில் ஏற்றி வைக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் வலுவானவை இரண்டு குறள்கள். செவிச்சுவை அறியாமல் வாய்ச்சுவை மட்டும் அறிந்த மாக்கள் இருந்தால் என்ன, இறந்தால் என்ன என்பது ஒன்று. கொலைத்தொழில் மாக்களைப் பழிப்பது மற்றொன்று. இரண்டிலும் பழிப்பு அடைமொழியில் இருக்கிறது. கொலைத்தொழில் மனிதர் என்று எழுதினாலும் பழிப்பு அப்படியே நிற்கும். வள்ளுவர் உண்மையாகவே விலங்கோடு ஒப்பிட விரும்பியபோது என்ன செய்தார்? கல்லாதவரையும் கற்றவரையும் வேறுபடுத்தும் 410ஆம் குறளில் விலங்கு என்ற சொல்லையே எடுத்தார்; எதிரே மக்களை வைத்தார். கையருகே மாக்கள் இருந்தும் தொடவில்லை. பண்பற்ற கூர்மதியாளரை 997ஆம் குறளில் மரத்தோடு நிறுத்தினார். கயவரையோ விலங்கோடு ஒப்பிடாமல் மக்களோடு ஒப்பிட்டார். மனிதத்தன்மை போனவர் முகத்தில் கொம்பு முளைப்பதில்லை. வெளியே பார்த்தால் அடையாளம் தெரியாது என்பதே அவருடைய அச்சம். ஒரு நெடிலால் ஆளைப் பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

புறநானூற்று 28ஆம் பாட்டில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மனிதப் பிறவியில் குறைப்பிறப்பு எட்டினை எண்ணும்போது மா என்று ஒன்றைச் சொல்கிறார். விலங்குருவாகப் பிறத்தல் என்று அதற்கு உரை. இது மா, மாக்கள் அன்று. இந்த வழக்கில் அது சாட்சி சொல்ல வரக்கூடாது. ஆனால் அந்தப் பட்டியல் வேறொன்றுக்கு உதவுகிறது. அதில் குருடர், கூனர், குறளர், ஊமையர், செவிடர் எல்லாரும் எச்சமாக ஒதுக்கி எண்ணப்படுகிறார்கள். மணிமேகலையின் ஆபுத்திரன் மதுரையில் ஓடு ஏந்திப் பிச்சையெடுத்து, காணாதவரையும் கேளாதவரையும் முடவரையும் கேட்பாரற்றவரையும் நோயாளிகளையும் கூவியழைத்து ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். ஒரு நூல் எச்சம் என்று எண்ணியவர்களை இன்னொரு நூல் பந்திக்கு அழைத்தது.

இடையே மனிதன் என்ற சொல்லைப் பற்றியும் சிறிது. மனம் உள்ளவன் மனிதன், மனம் இதமாக இருப்பவன் மனிதன் என்றெல்லாம் பிரித்துக் காட்டுவது சொல்லாய்வு அன்று, வார்த்தை விளையாட்டு. அது மனு என்னும் வடசொற் குடும்பத்தது. தேவநேயப் பாவாணர் மாந்தனை நினைத்தற் பொருளுள்ள வேரில் ஏற்றினார்; அறிவை மனிதனின் அடையாளமாகக் கொள்ளும் ஆசை அதில் தெரிகிறது, சான்று தெரியவில்லை. மனிதாபிமானத்தில் உள்ள அபிமானம் வடமொழியில் செருக்கு. தமிழுக்கு வந்து அன்பாகிவிட்டது. எதிர்த்திசையில் போனது கண்ணோட்டம். திருக்குறளின் 58ஆம் அதிகாரம் முழுதும் அது பழகியவர்மேல் கண் ஓடி நெஞ்சு இளகுவது. இன்று அரசியல் கண்ணோட்டம், வணிகக் கண்ணோட்டம் என்று வெறும் பார்வைக் கோணமாகச் சுருங்கிவிட்டது. கண் மட்டும் ஓடுகிறது.

மணிமேகலைக்கே திரும்ப வேண்டும். இந்தச் சொல்லின் வழக்கு முழுவதும் அங்கேதான் தீர்கிறது. ஆபுத்திரன் பெற்றவளால் இரவில் கைவிடப்பட்ட குழந்தை. ஏழு நாள் ஒரு பசு அவனுக்குப் பால் கொடுத்தது. வளர்ந்தபின், வேள்விக்குக் கட்டப்பட்ட பசு ஒன்றை அவன் அவிழ்த்துக்கொண்டு போக, அந்தணர்கள் பிடித்து அடித்தார்கள். அப்போது அவர்கள் சொல்லும் வசவு கூர்மையானது: அவன் மகனே அல்லன், பசுவின் மகனாயிருக்கவே தக்கவன். ஒரே மூச்சில் மகன் என்ற சொல் மனிதன் என்றும் பிள்ளை என்றும் நிற்கிறது. ஒருவனை மனித இனத்திலிருந்து தள்ளுவதற்குத் தமிழில் தேவைப்பட்டது, அவன் யாருக்குப் பிள்ளை என்று கேட்பதுதான். ஆபுத்திரன் கலங்கவில்லை. பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்த முனிவர்களை வரிசையாகச் சொல்லி, அவர்களைப் போற்றுகிறீர்களே என்று கேட்கிறான். விலங்குக்குப் பிறந்தாலும் மகன் மகனே என்பது அவன் விடை.

ஆதிரை பிச்சையிட்ட காதை இன்னும் நேரானது. சூதில் பொருளிழந்த சாதுவன் கடல் வணிகத்துக்குப் போய்க் கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் வாழும் மலைப்பக்கத்தில் கரையேறுகிறான். ஆள் தின்பவர்கள் அவர்கள். அவனுக்கு அவர்கள் மொழி தெரிந்திருந்ததால் கொல்லாமல் தலைவனிடம் கூட்டிப் போகிறார்கள். கள்ளுப்பானையும் முடைநாற்றமும் உலர்ந்த எலும்பும் நடுவே அந்தத் தலைவன் தன் மனைவியோடு இருப்பதைப் பெண்கரடியோடு இருக்கும் ஆண்கரடிக்கு ஒப்பிடுகிறது நூல். சாதுவன் அவனுக்குச் சொல்லும் அறம் அளவறிந்தது. கலம் உடைந்து வரும் மாக்களைக் கொல்லாதே. தானாக மூத்துச் சாகும் மாவை மட்டும் தின்னலாம். மற்ற உயிர்களுக்குத் தீங்கு செய்யாதே.

ஒரே பேச்சில் மாக்களும் மாவும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று கொல்லக்கூடாதது, மற்றொன்று செத்தபின் தின்னத்தக்கது. மாக்களைச் சுட்டும் சொல்லும் அவர் என்பதுதான், அவை அன்று. இரண்டும் ஒரு பொருளானால் சாதுவன் சொன்ன அறத்துக்கே பொருளில்லை; நாகர் அதுவரை செய்துவந்த பிழையே அந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டதுதான். மாக்கள் என்றால் விலங்கு என்று இன்று சொல்பவர்கள் திருந்துவதற்கு முந்தைய நாகரின் அகராதியை வைத்திருக்கிறார்கள்.

இழிபொருள் எப்படி ஊன்றியது என்பதையும் ஊகிக்கலாம். இலக்கணமும் குறளும் திண்ணைப் பள்ளிகளில் தொடர்ந்து ஓதப்பட்டவை. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், மணிமேகலை 1898இலும் உ. வே. சாமிநாதையர் பதிப்பில் வெளிவந்தன. நற்றிணை 1915இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோடு வந்தது. குறுமாக்களும் குடியேறிகளும் பசித்தவர்களும் பொதுப் படிப்புக்கு வருமுன்பே மாக்களின் பொருள் சூத்திரத்தாலும் இரண்டு குறளாலும் முடிவாகிவிட்டிருந்தது.

தமிழ் இலக்கணத்துக்கு மனிதரை இழித்துப் பேச இந்த நெடில் தேவையும் இல்லை. சினத்திலும் இழிப்பிலும் உயர்திணையை அஃறிணையாகச் சொல்வதை நன்னூல் வழுவமைதியாக விட்டிருக்கிறது. வீட்டுக்கு வராத மகனைப் பற்றி, அது எங்கே சுத்துதோ என்று தாய் சொல்வதில் அந்த நூற்பா இன்றும் உயிரோடு இருக்கிறது. அதே நன்னூல் உயர்திணை யார் யார் என்று எண்ணும்போது மக்களோடும் தேவரோடும் நரகரையும் சேர்க்கிறது. நரகத்தில் கிடப்பவனுக்கும் அவர் என்ற சுட்டு உண்டு. திணையிலிருந்து அவனை யாரும் இறக்கவில்லை.

மக்கள் என்ற சொல்லுக்குள் அறிவு இல்லை, குழந்தை இருக்கிறது. அந்தப் பழைய பொருள் நூலில் மட்டும் தங்கவில்லை. குமரி மாவட்டத்திலும் நெல்லையின் தென்கோடியிலும் பன்மை விகுதியைப் பற்றிய கவலையே இல்லாமல், ஒற்றைப் பிள்ளையைப் பார்த்துத் தாய் இன்றும் மக்களே என்றுதான் கூப்பிடுகிறாள். நண்பனை நண்பன் மக்கா என்கிறான்.