காவிரிப் படுகைப் பெட்ரோலிய ஆய்வு

காவிரிப் படுகைப் பெட்ரோலிய ஆய்வு என்பது, இந்தியாவின் தென்கிழக்குக் கரையோரத்தில் புதுச்சேரி முதல் மன்னார் வளைகுடா வரை நிலத்திலும் கடலிலும் பரந்துள்ள படிவுப் பாறைப் படுகையில், எண்ணெயையும் இயற்கை எரிவாயுவையும் தேடி எடுப்பதற்காக மேற்கொள்ளப்படும் நிலவியல், புவி இயற்பியல், பொறியியல் ஆய்வுகளைக் குறிக்கும். இங்கு படுகை என்பது காவிரி ஆறு பாயும் நிலப்பகுதியைக் குறிப்பதன்று. அந்நிலத்தின் அடியில் பல கிலோமீட்டர் ஆழத்திற்குப் படிவுகள் நிரம்பிய பள்ளத்தையே நிலவியலாளர் இப்பெயரால் அழைக்கின்றனர். எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் (ஓ.என்.ஜி.சி) காவிரிப் பிரிவின் தலைமையிடம் காரைக்காலை அடுத்த நிரவியில் அமைந்துள்ளது.

அமைவிடம்

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு பகுதிகளுள் ஒன்று. இது மூன்று பக்கங்களில் தமிழ்நாட்டு மாவட்டங்களாலும் கிழக்கே வங்காள விரிகுடாவாலும் சூழப்பட்டது. அரசலாறு, திருமலைராசனாறு முதலிய காவிரியின் கிளையாறுகள் இப்பகுதி வழியாகக் கடலில் கலக்கின்றன. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த காரைக்காலின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16 அன்று நடைமுறைக்கு வந்தது.

காவிரிப் படுகையின் நிலப்பகுதி ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இதன் தென்பகுதி பாக்கு நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் கடந்து இலங்கைப் பக்கம் வரை தொடர்கிறது. இலங்கையின் மன்னார் கடற்பகுதியில் 2011 ஆம் ஆண்டில் கெய்ர்ன் நிறுவனம் எரிவாயுவைக் கண்டறிந்தது.

படுகையின் தோற்றம்

கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் பிரிந்து, இந்தியா, அண்டார்க்டிக்கா, இலங்கை ஆகியவை விலகத் தொடங்கியபோது இப்படுகை உருவானது. யுராசிக் காலத்தின் இறுதியிலும் கிரீத்தேசியக் காலத்தின் தொடக்கத்திலும் நிலம் இழுவிசையால் பிளவுண்டது. அதனால் வடகிழக்குத் தென்மேற்குத் திசையில் நீண்ட பள்ளங்களும் அவற்றிற்கு இடையே முகடுகளும் தோன்றின. அரியலூர் - புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் - பாக்கு விரிகுடா ஆகியவை இப்பள்ளங்களுள் முதன்மையானவை. கும்பகோணம் - மாதானம் முகடு, பட்டுக்கோட்டை - மன்னார்குடி முகடு, காரைக்கால் முகடு ஆகியவை இவற்றைப் பிரிக்கின்றன.

தோன்றிய பள்ளங்களைக் கடலும் ஆறுகளும் கொணர்ந்த மணலும் களியும் நிரப்பின. இவ்வாறு உருவான அடுக்குகளுக்கு அவ்வப் பகுதி ஊர்களின் பெயர்களே இடப்பட்டுள்ளன. கீழிருந்து மேலாக ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், போர்ட்டோ நோவோ (பரங்கிப்பேட்டை), கமலாபுரம், காரைக்கால், நிரவி என அவை அமைகின்றன. இதனால் டெல்டாவின் சிற்றூர்கள் பலவற்றின் பெயர்கள் உலக நிலவியல் இதழ்களில் பாறை அடுக்குகளின் பெயர்களாக இடம்பெறுகின்றன.

எண்ணெய் உருவாகித் தங்கும் முறை

எண்ணெய் வயல் ஒன்று அமைய நான்கு கூறுகள் தேவை.

மூலப்பாறை: உயிரினங்களின் மிச்சங்கள் செறிந்த களிப்பாறை. ஆண்டிமடம், சாத்தப்பாடி அடுக்குகள் இப்படுகையின் முக்கிய மூலப்பாறைகளாகக் கருதப்படுகின்றன.

தேக்கப்பாறை: எண்ணெயைத் தன் நுண்துளைகளில் கொள்ளும் மணற்கல் போன்ற பாறை.

மூடுபாறை: எண்ணெய் மேலே கசிந்து போகாமல் தடுக்கும் களிப்பாறை.

தேக்க அமைப்பு: வளைந்தோ பிளவுண்டோ எண்ணெயை ஓரிடத்தில் நிறுத்தும் பாறை வடிவம்.

மூலப்பாறை புதையுண்டு ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியசு வரை வெப்பமடையும்போது எண்ணெய் உருவாகிறது. பொதுவாக ஒரு கிலோமீட்டர் ஆழத்திற்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பம் உயர்வதால், இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர் ஆழம் புதைந்த பாறைகளே இதற்கு ஏற்றவை. அதற்கும் மேற்பட்ட வெப்பத்தில் எரிவாயுவே மிகுதியாக உண்டாகும்.

காவிரிப் படுகையில் பழமையான அடித்தளப் பாறை முதல் ஒலிகோசீன் காலப் படிவுகள் வரை பல மட்டங்களில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்துள்ளன. நுண்துளைகளற்ற கருங்கல்லில் எண்ணெய் தங்காது என்பது பொதுவான கருத்து. ஆயினும் மாதானம் பகுதியில் அடித்தளப் பாறையின் விரிசல்களில் எண்ணெய் கண்டறியப்பட்டது. விரிசல்களின் திசையையும் அடர்த்தியையும் முன்கூட்டி அறிதல் அதன்பின் முக்கிய ஆய்வுப் பொருளாயிற்று.

வெளிப்பாறைகளும் பல்கலைக்கழக ஆய்வுகளும்

காரைக்காலில் ஆழத்தில் மறைந்துள்ள கிரீத்தேசியக் காலப் பாறைகள் மேற்கே அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் தரைமட்டத்தில் காணப்படுகின்றன. ஆழ்துளையில் இருந்து கிடைப்பவை சிறு துணுக்குகளும் உருளைக் கல்மாதிரிகளும் மட்டுமே. அவை எந்தச் சூழலில் படிந்தவை என்பதை வெளிப்பாறைகளுடன் ஒப்பிட்டே உறுதி செய்ய இயலும். இதனாலேயே அரியலூர், எண்ணெய் ஆய்வில் இன்றியமையாத இடம் பெறுகிறது.

இப்பாறைகளின் ஆய்வு எண்ணெய்த் தேடலுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே தொடங்கியது. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேகரிக்கப்பட்ட தொல்லுயிர் எச்சங்களை எட்வர்டு ஃபோர்ப்சு 1846 ஆம் ஆண்டில் விவரித்தார். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த என்றி பிளான்ஃபோர்டு 1860களில் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனப் பிரித்தார். இப்பிரிவுகள் சிறு மாற்றங்களுடன் இன்றும் வழக்கில் உள்ளன. வியன்னாவைச் சேர்ந்த ஃபிரான்சு கோசுமாட் 1895 முதல் 1898 வரை அம்மோனைட்டு எச்சங்களைப் பற்றி எழுதினார். பெங்களூர் மத்தியக் கல்லூரியின் எல். இராமராவ், சூலியசு பியாவுடன் இணைந்து நின்னியூர்ப் பாறைகளின் தொல்பாசிகளை 1936 ஆம் ஆண்டில் விவரித்தார்.

பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதலியவற்றின் நிலவியல் துறைகள் இப்பணியைத் தொடர்ந்தன. போராமினிபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகள் இவ்வாய்வுகளில் சிறப்பிடம் பெறுகின்றன. மணலளவே உள்ள இவ்வோடுகள் துளையிடும்போது உடையாமல் மேலே வருபவை. ஒவ்வொரு காலத்திற்கும் தனித்தனி இனங்கள் இருந்தமையால் இவற்றைக் கொண்டு பாறையின் வயதைக் கணிக்கலாம். காரை என்னும் ஊரில் வெளிப்படும் களிப்பாறையும் ஆழத்திலுள்ள சாத்தப்பாடிக் களிப்பாறையும் ஏறத்தாழ ஒத்த காலத்தவை என்னும் முடிவு இத்தகைய ஒப்பீட்டின் பயனாகும். கல்லக்குடியிலும் அரியலூரிலும் சிமெந்து ஆலைகளுக்காக வெட்டப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் மாணவர்களுக்குக் களமாக உதவுகின்றன.

பெட்ரோலியப் பொறியியல் கல்வி இந்தியாவில் தன்பாத் நகரிலுள்ள இந்தியச் சுரங்கவியல் பள்ளியில் 1957 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இத்துறையில் முதுநிலைப் படிப்பு உள்ளது. நீண்ட காலம் நிறுவனங்களிடம் மட்டுமே இருந்த அதிர்வலைத் தரவுகளையும் கிணற்றுத் தரவுகளையும் ஓரிடத்தில் தொகுத்து வழங்குவதற்காக, 2017 ஆம் ஆண்டில் தேசியத் தரவுக் களஞ்சியம் அமைக்கப்பட்டது.

துளையிடல் வரலாறு

ஓ.என்.ஜி.சி 1956 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1950களின் இறுதியில் காவிரிப் படுகையில் ஈர்ப்பு, காந்த, அதிர்வலை ஆய்வுகள் தொடங்கின. முதல் ஆழ்துளைக் கிணறு 1964 ஆம் ஆண்டில் தோண்டப்பட்டது. 1980களில் மேம்பட்ட அதிர்வலை முறைகள் புகுத்தப்பட்டபின் நரிமணம், கோவில்களப்பால் முதலிய வயல்கள் வளர்ச்சி பெற்றன.

நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் 1993 ஆம் ஆண்டில் ஆண்டுக்கு 5 இலட்சம் டன் திறனுடைய சுத்திகரிப்பு ஆலை நிறுவப்பட்டது. பின்னர் 10 இலட்சம் டன்னாக உயர்த்தப்பட்ட அவ்வாலை 2019 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அங்கு 90 இலட்சம் டன் திறனுடைய புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இப்படுகையின் எரிவாயுவைக் கொண்டு மின்னாக்கம் செய்யும் 32.5 மெகாவாட்டு மின்நிலையம் காரைக்காலில் 2000 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது.

சுற்றுச்சூழலும் வேளாண்மையும்

எண்ணெய் எடுக்கப்படும் நிலம் நெல் விளையும் நிலமாகவும் இருப்பது இப்படுகையின் அடிப்படைச் சிக்கலாகும். எண்ணெய் அடுக்குகள் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் உள்ளன. குடிநீரும் பாசன நீரும் பெரும்பாலும் மேலுள்ள சில நூறு மீட்டருக்குள் கிடைக்கின்றன. இரண்டையும் இயற்கையான களிப்பாறைகள் பிரிக்கின்றன. ஆனால் கிணறு அப்பாறைகளைத் துளைத்துச் செல்வதால், அவ்விடத்தில் எஃகுக் குழாயும் அதைச் சுற்றி ஊற்றப்படும் சிமெந்துமே தடுப்பாகின்றன. இத்தடுப்பின் உறுதியும், எண்ணெயுடன் மேலே வரும் உவர்நீரை அப்புறப்படுத்தும் முறையும், வயல்களின் கீழ்ச் செல்லும் குழாய்களின் பராமரிப்பும் கவனிக்கப்பட வேண்டியவை. தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 சூன் 30 அன்று குழாயில் ஏற்பட்ட எண்ணெய்க் கசிவு பெரும் போராட்டத்திற்கு வித்திட்டது.

வழக்கமான எண்ணெய்க் கிணறும் நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டமும் வேறுபட்டவை. பின்னதில், கரியில் ஒட்டியுள்ள வாயு வெளிப்பட வேண்டுமாயின் அவ்வடுக்கின் நீரை முதலில் இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நிலத்தடி நீரை நம்பிய பகுதியில் இது கூடுதல் அச்சத்தை உண்டாக்கியது. மன்னார்குடிப் பகுதிக்குத் திட்டமிடப்பட்ட மீத்தேன் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2015 ஆம் ஆண்டில் நிராகரித்தது. 2016 ஆம் ஆண்டின் நடுவண் அரசுக் கொள்கை, எண்ணெய், எரிவாயு, மீத்தேன் அனைத்தையும் ஐதரோகார்பன் என்னும் ஒரே உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தது. இதன்பின் எந்த முறை எங்கு பயன்படுத்தப்படும் என்னும் கேள்வி மக்களிடையே வலுப்பெற்றது.

சட்ட நிலை

கண்டறியப்பட்டும் எடுக்கப்படாதிருந்த சிறு வயல்களுக்கான 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு நடுவண் அமைச்சரவை 2017 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. புதுக்கோட்டை மாவட்ட நெடுவாசலும் காரைக்காலும் இவற்றுள் அடங்கும். நெடுவாசலில் மக்கள் தொடர் போராட்டம் நடத்தினர். புதுச்சேரி அரசும் காரைக்கால் திட்டத்திற்கு எதிர்ப்புத் தெரிவித்தது.

தமிழ்நாடு சட்டமன்றம் 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் (இன்றைய மயிலாடுதுறை மாவட்டம் அப்போது நாகப்பட்டினத்தில் அடங்கியிருந்தது), கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் புதிய எண்ணெய், எரிவாயு எடுப்புப் பணிகளை இச்சட்டம் தடை செய்கிறது. ஏற்கனவே இயங்கிவந்த கிணறுகளுக்கு இத்தடை பொருந்தாது. இந்திய அரசியலமைப்பின்படி எண்ணெய் வயல்கள் ஒன்றியப் பட்டியலிலும் வேளாண்மை மாநிலப் பட்டியலிலும் உள்ளன.

தமிழ்நாட்டின் சட்டம் காரைக்காலுக்குப் பொருந்தாது. ஆயினும் காரைக்கால் களிப்பாறையும் நிரவி மணற்கல்லும் ஊரெல்லையில் முடிவதில்லை. நிலத்தடி நீரும் கிளையாறுகளும் அவ்வாறே இரு ஆட்சிப் பகுதிகளுக்கும் பொதுவானவை. எல்லையின் ஒருபுறம் தோண்டப்படும் கிணற்றின் விளைவு மறுபுறத்து நிலத்தையும் சாரக்கூடும் என்பதால், நீரின் தரம், உவர்ப்பு, நில மட்டம் ஆகியவற்றை இரு பகுதிகளுக்கும் சேர்த்தே அளவிடுவது இப்படுகை ஆய்வில் தேவைப்படுகிறது.