உண்ணாமை நோயும் உளநிலையும்

உண்ண மறுக்கும் நோய் உள்ளத்தில் தோன்றுவதா, உடலில் தோன்றுவதா என்னும் வினா மேலைநாட்டு மருத்துவ வரலாற்றில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஊசலாடி வந்துள்ளது. 1873 இல் பாரிசில் இலசேக்கும் இலண்டனில் வில்லியம் கல்லும் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். 1874 இல் அச்சேறிய கட்டுரையில் கல் அதனை ‘அனொரெக்சியா நெர்வோசா’ என்றார். நரம்புவழிப் பசியின்மை என்பது பொருள். (பெயர் பொருத்தமானதன்று, நோயாளர் பலருக்குப் பசி இருக்கவே செய்கிறது.) நாடி தளர்ந்திருந்ததை அவர் குறித்துவைத்தார்; ஆயினும் நோயின் மூலம் உளக்கோளாறே என்பது அவர் துணிபு.

1914 இல் அம்பேர்க் நகர நோயியலறிஞர் சிம்மன்ஸ், உடல் நலிந்து இறந்த பெண்ணொருவரின் மூளையடியிலுள்ள கபச்சுரப்பி அழிந்திருக்கக் கண்டார். அதன்பின் மெலிந்த நோயாளர் பலர் சுரப்பிக் குறைபாடுடையோராகவே கொள்ளப்பட்டனர். கபச்சுரப்பி கெட்டோர் பெரும்பாலும் அவ்வாறு மெலிவதில்லை என 1949 இல் சீகனும் சமர்சும் எடுத்துக்காட்டினர்.

இரு சாராரும் காணத் தவறியதைக் காட்டியது, இந்நோயை ஆராயவெனத் தொடங்காத ஒரு சோதனையாகும். 1944 நவம்பரில் மினசோட்டாப் பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியிலிருந்த ஆய்வுகூடத்தில் உடற்றொழிலியலறிஞர் அன்சல் கீஸ் 36 இளைஞரைக் கொண்டு அதனைத் தொடங்கினார். மனச்சான்றின்பாற் போரிட மறுத்த அவர்கள், போரினாற் பட்டினியுற்றோரை மீட்கும் வழியறியத் தம் உடலை மனமுவந்து அளித்தவர்கள். உடலிலும் உள்ளத்திலும் நலமுடையோரே தெரிவாயினர். 1945 பெப்ரவரி முதல் 24 வாரங்கள் அவர்தம் உணவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. நிறையிற் கால்வாசி குறைந்தது. அதனிலும் கருதத்தக்கது மனமாற்றம். நகைச்சுவை மறைந்தது, சோர்வும் எரிச்சலும் மிகுந்தன, நட்பை வெறுத்தனர். சமையல் நூல்களைச் சேர்த்தோர் உளர். ஒரு வேளை உணவை நெடுநேரம் நீட்டி உண்டு தட்டை நக்கியோர் உளர். உணவு மீண்டபின்னும் சிலரது உளச்சோர்வு உடனே நீங்கவில்லை. இவற்றை ஒத்தனவே நோயாளரிடத்துக் குணக்கேடென்றும் பிடிவாதமென்றும் பழிக்கப்பட்டவை. அவற்றுள் எத்துணை வெறும் பட்டினியின் விளைவு? 1950 இல் இரு தொகுதிகளாக வெளிவந்த ஆய்வுநூல் இவ்வினாவைத் தவிர்க்கவியலாததாக்கிற்று.

எனினும் அவ்விளைஞர் பருமனை அஞ்சினாரல்லர். உணவு கிடைத்ததும் உண்டனர். நோய் ஏன் தொடங்குகிறது என்பதற்கு அச்சோதனையில் விடை இல்லை. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின், திரிப்தோபன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உண்டாவது; அவ்வமிலத்தை உடல் தானே ஆக்காது, உணவே தரவேண்டும். உண்ணாமை மூளையின் இரசாயனத்தைத் தொடுவதற்கு இஃது ஒரு வழி. 2019 இல் ஏறத்தாழ 17,000 நோயாளரை உட்படுத்திய பரம்பரையலகு ஆய்வொன்று, இந்நோயின் வேர்கள் உளநோய்களோடு மட்டுமன்றி உடலின் அனுசேபத்தோடும் பின்னியிருப்பதைக் காட்டிற்று.