அஞ்சு ரூபாய் பிஸ்கட்டும் கால் பென்னி ரொட்டியும்



நேற்று சாயங்காலம் வெலிங்டனில் நல்ல பனிமூட்டம். டீ போட்டு வைத்திருந்தேன். பேத்தி ஒரு அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். "தாத்தா, இது முன்னைவிட குட்டியாயிடுச்சு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சுமார் இருபது வருடங்களுக்கு முன் இதே வார்த்தையை ஒரு மாணவன் வகுப்பில் சொன்னான்.

அவன் தேயிலைத் தோட்டத்துப் பையன். அம்மா விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். காலையில் அவனுக்கும் தங்கைக்கும் வரட்டீயும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும்தான் ஆகாரம். "சார், முன்னாடி ஆளுக்கு ஏழு வரும். இப்ப ஆறுதான் வருது" என்றான். "வரும் வழியில் நீ ரெண்டைத் தின்றிருப்பாய்" என்று நான் கிண்டல் செய்தேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வரலாறு கற்பித்த நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஏனென்றால் இது மிகப் பழைய கதை.

இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1266 வாக்கில், ரொட்டிக்கும் பீருக்கும் ஒரு சட்டம் வந்தது. அதில் ஒரு விசித்திரம். ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். கால் பென்னி ரொட்டி என்றால் என்றைக்கும் கால் பென்னிதான். கோதுமை விலை ஏறினால் ரொட்டி சிறுக்கும், இறங்கினால் பெருக்கும். காரணம் எளிது. ஏழையின் கையில் இருந்த மிகச் சிறிய காசு அதுதான். அதற்கும் கீழே உடைத்துக் கொடுக்கக் காசு கிடையாது. விலையை நகர்த்த முடியாதபோது எடையை நகர்த்தினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதை ரொட்டிக்காரர் முடிவு செய்யவில்லை. கோதுமை இன்ன விலை விற்றால் ரொட்டி இன்ன எடை இருக்க வேண்டும் என்று அட்டவணையே இருந்தது. குறைத்து விற்றவருக்கு அபராதம். மீண்டும் மீண்டும் செய்தால் ஊர் நடுவே மரச்சட்டத்தில் கழுத்தை மாட்டி நிறுத்தினார்கள். ஒரு டஜனுக்குப் பதின்மூன்று ரொட்டி கொடுக்கும் வழக்கம் இந்தப் பயத்தில்தான் வந்தது என்பார்கள். இந்த ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இருந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1957 ஏப்ரல் 1 வரை நமக்கு ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்று முதல் நூறு நயா பைசா. அப்போது ஒரு பைசாவுக்கும் நாணயம் உண்டு. எனவே விலை ஒரு பைசா, இரண்டு பைசா என்று மெல்ல ஏறலாம். பிறகு சின்னக் காசுகள் ஒவ்வொன்றாகக் கடைகளிலிருந்து மறைந்தன. 2011 ஜூன் 30-க்குப் பிறகு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாது என்றாகிவிட்டது. இன்று 50 பைசாவைக்கூட யாரும் வாங்குவதில்லை. அஞ்சு ரூபாய்ப் பண்டத்தை அஞ்சரை ரூபாய்க்கு விற்க முடியாது. ஆறு ரூபாய் என்றால் கடைக்காரர் சில்லறை இல்லை என்று மிட்டாயை நீட்டுவார். அதனால் மைதாவோ சர்க்கரையோ எண்ணெயோ விலை ஏறினால் பாக்கெட்டின் எடை குறைகிறது. கால் பென்னி ரொட்டியின் அதே கதை.

வெளிநாடுகளிலும் இப்படித்தான். 2016-இல் பிரிட்டனில் டோப்ளரோன் சாக்லேட்டின் முக்கோணங்களுக்கு நடுவே இடைவெளியை அகலமாக்கி, 170 கிராமை 150 கிராம் ஆக்கினார்கள். ஊரே பேசியது.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அன்று எடைக்கு ஊரறிந்த கணக்கு இருந்தது. இன்று எடையைப் பாக்கெட்டில் சின்ன எழுத்தில் நாமே தேட வேண்டும். நம் நாட்டிலும் 1977 விதிகளில் பிஸ்கட், ரொட்டி, டீத்தூள் போன்றவற்றை இன்ன இன்ன எடைகளில் கட்ட வேண்டும் என்று அட்டவணை இருந்தது. 2021-இல் கொண்டுவந்த திருத்தம் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, ஒரு கிலோவுக்கு உட்பட்ட பாக்கெட் என்றால் ஒரு கிராம் என்ன விலை என்று அச்சிடச் சொன்னது. எம்.ஆர்.பி. அருகே பாருங்கள், இருக்கும்.

சிக்கனம் என்றால் தின்பண்டமே வேண்டாம் என்பதல்ல. அந்த எண்ணைப் படிப்பதுதான் சிக்கனம். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். அஞ்சு ரூபாய்க்கு 50 கிராம் என்றால் கிலோ 100 ரூபாய். முப்பது ரூபாய்க்கு 250 கிராம் என்றால் கிலோ 120 ரூபாய். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நினைப்பது தவறு.

நம் நீலகிரி வர்க்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் ஊட்டியுடையது என்றாலும் குன்னூர், வெலிங்டன் வீடுகளில் டீக்கு அதுதான் துணை. நம் பேக்கரியில் அதைத் தராசில் நிறுத்துத் தருவார்கள். விலை ஏறினால் கிலோவுக்கு இவ்வளவு என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். நாம் முனகிக்கொண்டே வாங்குவோம். ஆனால் கால் கிலோ என்றால் கால் கிலோதான். நொறுங்கிய வர்க்கி கிடைத்தால் இன்னும் மலிவு. எப்படியும் டீயில் நனைத்துத்தானே சாப்பிடுகிறோம்! வாங்கியதும் டின்னில் போட்டு இறுக மூடுங்கள். நம் ஊர்ப் பனிக்கு ஒரே ராத்திரியில் நமத்துவிடும். நமத்துப் போய்த் தூக்கி எறிவதும் நஷ்டம்தானே.

பேத்திக்குச் சமையலறைத் தராசை எடுத்துக் கொடுத்தேன். பிஸ்கட்டை எடை போட்டாள். பாக்கெட்டில் போட்ட எடை சரியாகவே இருந்தது. யாரும் சட்டப்படி ஏமாற்றவில்லை. எடை குறைந்ததை யாரும் நம்மிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பையன் எண்ணிப் பார்த்தான். வகுப்பில் அன்று கணக்கு சரியாகப் போட்டவன் அவன் ஒருவன்தான். தம்பி, இப்போது எந்த ஊரில் இருக்கிறாயோ தெரியாது. இதைப் படித்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். நீ சொன்னது சரி. நான்தான் தவறு. மன்னித்துவிடு. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. டீயும் வர்க்கியும் எண்ணாமல் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்