விளையாட்டுக் கணினித் திரைகளில் புதுப்பிப்பு வீதமும் பிரிதிறனும்

கணினித் திரையில் தெரியும் படம் எத்தனை புள்ளிகளால் ஆனது என்பதைக் குறிப்பது பிரிதிறன். அப்படம் நொடிக்கு எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்பதைக் குறிப்பது புதுப்பிப்பு வீதம். இதன் அலகு ஹெர்ட்ஸ். கடைகளில் முன்னதை ரெசல்யூஷன் என்றும் பின்னதை ரிஃப்ரெஷ் ரேட் என்றும் சொல்வார்கள். விளையாட்டுக்காகத் திரை வாங்குவோர் இவ்விரண்டில் எதற்குப் பணம் கொடுப்பது என்று தடுமாறுவது புதிய சிக்கல் போலத் தோன்றும். உண்மையில் இது குழாய்த் திரைக் காலத்திலேயே இருந்தது. அன்று தெரிவு செய்யும் இடம் மட்டும் வேறாக இருந்தது.

இரண்டையும் ஒருசேர உயர்த்துவது ஏன் கடினம் என்பதை ஒரு பெருக்கல் கணக்கு காட்டிவிடும். 1920×1080 புள்ளிகளை நொடிக்கு 144 முறை வரைந்தால் ஏறத்தாழ 30 கோடிப் புள்ளிகள். 4கே எனப்படும் 3840×2160 புள்ளிகளை 60 முறை வரைந்தால் ஏறத்தாழ 50 கோடி. அதையே 144 முறை வரைய 119 கோடி வேண்டும். இத்தனையையும் கிராபிக்ஸ் கார்டு கணக்கிட வேண்டும், கேபிள் சுமக்க வேண்டும், திரை காட்ட வேண்டும். மூன்றில் எது நலிந்ததோ அதுவே எல்லை.

குழாய்த் திரைக் காலம்

எதிர்மின் கதிர்க்குழாய்த் திரையில் மின்கதிர் மேலிருந்து கீழாக வரி வரியாக ஓடிப் படத்தை வரையும். நொடிக்கு இத்தனை வரிகள்தாம் என்ற வரம்பு ஒவ்வொரு திரைக்கும் உண்டு. நொடிக்கு 70,000 வரிகள் வரையும் திரையில் 1024×768 அளவில் 85 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அதே திரையை 800×600 அளவுக்கு இறக்கினால் ஏறத்தாழ 110 ஹெர்ட்ஸ் வரை ஏற்றலாம். ஆகவே ஆடுபவர் தம் விருப்பத்தை அன்றன்றே மாற்றிக்கொள்ள முடிந்தது. 1999இல் வந்த குவேக் III அரீனா, 2000இல் விற்பனைக்கு வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் போன்ற சுடும் விளையாட்டுகளில் போட்டியாளர் பலர் படம் சொரசொரப்பானாலும் சரி என்று பிரிதிறனைக் குறைத்து ஆடினர். குவேக் III இல் ஒரு வேடிக்கையும் உண்டு. நொடிக்கு 125 படங்கள் என அமைத்தால், தசம எண்களை முழு எண்ணாக்கும்போது நேரும் பிழையால் பாத்திரம் சற்றே உயரமாகத் தாவும்.

தட்டைத் திரை தந்த பின்னடைவு

2000களில் நீர்மப் படிகத் திரைகள் பரவின. குழாய்த் திரை 60 ஹெர்ட்ஸில் சிமிட்டும், கண் வலிக்கும். பின்னொளி அணையாமல் எரியும் புதிய திரையில் அத்தொல்லை இல்லை. அலுவலகத்துக்கு 60 ஹெர்ட்ஸ் போதுமென உற்பத்தியாளர்கள் அங்கேயே நின்றுவிட்டனர். ஆடுபவர்களுக்கோ இது இழப்பு. புள்ளிகள் நிறம் மாறத் தாமதித்ததால் ஓடும் உருவத்தின் பின்னே வால் போல ஒரு நிழல் தொடர்ந்தது. போதாததற்கு, அடுத்த படம் வரும் வரை முந்தையது அசையாமல் நிற்பதால், ஓட்டத்தைப் பின்தொடரும் கண்ணுக்கு உருவம் கலங்கித் தெரிந்தது. பெரிய குழாய்த் திரைகளைத் தூக்கிக்கொண்டு போட்டிகளுக்குச் சென்றவர்கள் பழமை விரும்பிகள் அல்லர். அவர்களிடம் காரணம் இருந்தது.

இன்னொரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புதிய திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது. குறைந்த பிரிதிறனில் இயக்கினால் படம் மங்கும். வேகமும் பெரும்பாலும் கூடாது. வீட்டில் செய்த தெரிவு கடைக்கு இடம் மாறியது இப்படித்தான்.

பிரிதிறன் மட்டும் விரைந்து முன்னேறியது. 2001இல் ஐபிஎம் வெளியிட்ட டி220 திரை 3840×2400 புள்ளிகள் கொண்டது. ஆனால் நான்கு இணைப்புகள் கொடுத்தும் அது எட்டியது 41 ஹெர்ட்ஸ்தான். நுணுக்கமான படங்களைப் பார்ப்பதற்கான அந்தத் திரை விளையாட்டுக்கு ஆகாது.

கண்ணாடி தந்த திருப்பம்

வேகம் திரும்பி வந்த வழி எதிர்பாராதது. 2009இல் என்விடியா நிறுவனம் 3டி விஷன் என்ற முப்பரிமாணக் கண்ணாடியை அறிமுகம் செய்தது. அது இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மறைக்கும். ஒரு கண்ணுக்கு 60 படங்கள் என்றால் திரைக்கு 120 ஹெர்ட்ஸ் வேண்டும். அதற்காகவே சாம்சங் 2233ஆர்இசட் போன்ற 22 அங்குலத் திரைகள் வந்தன, பிரிதிறன் 1680×1050. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடியவர்கள், மவுஸ் அசைவுக்குப் படம் உடனுக்குடன் இணங்குவதைக் கண்டனர். முப்பரிமாண மோகம் வடிந்து 2019இல் என்விடியாவே அதைக் கைவிட்டது. 120 ஹெர்ட்ஸ் நிலைத்துவிட்டது.

பிறகு வளர்ச்சி வேகமானது. 1920×1080 அளவில் 144 ஹெர்ட்ஸ் தந்த அசுஸ் விஜி248கியூஇ, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுத்தாலும், புகழ்பெற்றது. 2014இல் அதே நிறுவனத்தின் பிஜி278கியூ 2560×1440 அளவில் 144 ஹெர்ட்ஸ் தந்து நடுவழியைக் காட்டியது. வாங்குவோர் பலருக்கு இன்றும் இதுவே பொருத்தமான அளவு. 2018இல் பிஜி27யூகியூ 4கேயையும் 144 ஹெர்ட்ஸையும் சேர்த்துத் தந்தது. விலை 2,000 டாலர். அப்போதும் கேபிளின் கொள்ளளவு போதவில்லை. 120 ஹெர்ட்ஸைத் தாண்டினால் நிற விவரத்தில் ஒரு பகுதியை விட வேண்டியிருந்தது. 2020இல் 1920×1080 அளவில் 360 ஹெர்ட்ஸ் வந்தது.

இங்கும் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மில்லிநொடி, 144இல் 6.9, 240இல் 4.2, 360இல் 2.8. முதல் தாவலில் கிடைப்பது ஏறத்தாழ 10 மில்லிநொடி, கடைசித் தாவலில் 1.4 மட்டுமே. பரிசுக்கு ஆடுபவருக்கு அதுவும் பொருட்டு. கதை விளையாட்டும் கார்ப் பந்தயமும் ஆடுபவர் அந்தப் பணத்தைக் கூர்மையான படத்துக்கோ நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கோ செலவிடலாம். கார்டு நொடிக்கு 70 படங்கள்தாம் தருமென்றால் 360 ஹெர்ட்ஸ் திரையால் பெரிய பயனில்லை.

2024இல் எல்ஜி நிறுவனம் வெளியிட்ட 32ஜிஎஸ்95யூஇ என்ற ஓஎல்இடி திரையில் இதற்கென ஒரு பொத்தான் உள்ளது. வழக்கமாக 4கே அளவில் 240 ஹெர்ட்ஸ். அழுத்தினால் 1920×1080 அளவில் 480 ஹெர்ட்ஸ். குழாய்த் திரையில் பிரிதிறனைக் குறைத்து வேகத்தை ஏற்றிய அதே தெரிவு, மறுபடியும் ஆடுபவரின் மேசைக்கே வந்திருக்கிறது.